அடக்கவிலைக்கு அடங்காத லூர்

மிச்சிகனில் தூண்டில் கடை என்றால் ஒரு சுவர் முழுக்க லூர்தான் தொங்கும். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ தகட்டிலோ பொடிமீன் மாதிரி செய்து, வயிற்றிலும் வாலிலும் மும்முனை முள் மாட்டிய பொய்யிரை அது. விரல் நீளம் இருக்கும், எடை பதினைந்து கிராம் வரும். ஓர் ஆணியில் தொங்குவதன் விலை 4 டாலர். பக்கத்து ஆணியில் அதே நீளம், அதே எடை, அதே வெள்ளி மினுக்கு. விலை மட்டும் 25 டாலர். காருக்குப் போகும் பிளாஸ்டிக் பாகங்களுக்கு அடக்கவிலை போடுவதே வேலையாக இருந்த வருடங்களில், ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்பிடிக்கப் போகும் பழக்கமும் சேர்ந்துகொண்டதால், அந்தச் சுவரை வெறும் மீன்பிடிக்காரனாக மட்டும் பார்க்க என்னால் முடிந்ததில்லை. வாரம் முழுக்கச் செய்யும் கணக்கு அந்த ஆணிகளுக்கு முன்னால் செல்லுபடியாகாமல் போனது உறுத்திக்கொண்டே இருந்தது. ஏன் செல்லுபடியாகவில்லை என்று இத்தனை காலம் யோசித்ததில் தேறியதை இங்கே எழுதுகிறேன்.

கார்த் தொழிலில் விலை எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். டேஷ்போர்டில் ஏசி காற்று வரும் பட்டைக்கோ கதவுக் கைப்பிடிக்கோ விலை கேட்கும் கொள்முதல்காரர் முன்னால் காஸ்ட் ஷீட்டை விரித்து வைத்தாக வேண்டும். பிளாஸ்டிக் எத்தனை கிராம், கிலோ என்ன விலை, அச்சில் எத்தனை விநாடிக்கு ஒரு ஷாட், மெஷினுக்கு மணிக்கு எவ்வளவு, கழிவு எத்தனை சதவீதம், பெயின்ட் உண்டா, பேக்கிங் என்ன என்று வரிவரியாகப் போட வேண்டும். எதிரில் இருப்பவருக்கும் இந்தக் கணக்கு தெரியும், பல சமயம் நம்மைவிட நன்றாகத் தெரியும். பிளாஸ்டிக் குருணை விலை ஏறினால் பாகத்தின் விலை இத்தனை ஏறும், இறங்கினால் இத்தனை இறங்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வதுண்டு. அரை சென்ட்டுக்காக அரை நாள் பேச்சு நடக்கும். இந்த உலகத்தில் விலை என்பது பொருளின் நிழல். பொருள் நகர்ந்தால் அதுவும் நகரும்.

இதே ஷீட்டில் ஒரு லூரைப் போட்டுப் பார்க்கலாம். உடம்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக். பத்து கிராம் என்றே வைப்போம். கிலோ இரண்டு டாலர் என்றால் உடம்புக்கு ஆவது இரண்டு சென்ட். உள்ளே உருண்டு சத்தம் போடும் எஃகுக் குண்டுகள் நாலைந்து, முன்னால் ஒரு கம்பி வளையம், முள்ளை மாட்டும் சுருள் வளையங்கள், ஒட்டும் கண் இரண்டு. பெயின்ட்டும் மேல்பூச்சும் சில துளிகள். இதில் கொஞ்சமாவது காசு கேட்கும் சரக்கு முள் ஒன்றுதான். நல்ல கம்பெனி முள்ளை ஆயிரக்கணக்கில் வாங்கினாலும் ஒரே ஒரு முள்ளின் விலை அந்த உடம்புப் பிளாஸ்டிக்கைப்போலப் பல மடங்கு வரும். எல்லாவற்றையும் கூட்டினாலும் மூலப்பொருள் ஒரு டாலரைத் தாண்டுவது கஷ்டம். 4 டாலர் லூருக்கும் 25 டாலர் லூருக்கும் இந்த வரிகளில் பெரிய வித்தியாசம் தெரியாது. நகைக்கடையில் தங்கத்தின் விலை பெரிதாகவும் செய்கூலி சேதாரம் அதன் ஓரத்திலும் நிற்கும். லூரில் அது தலைகீழ். தங்கம் இரண்டு சென்ட், மற்றதெல்லாம் செய்கூலியும் சேதாரமும்.

இதைவிடத் தெளிவான சாட்சி அதே சுவரிலேயே உண்டு. டெட்ராய்ட்டை ஒட்டிய டியர்பார்னில் எப்பிங்கர் குடும்பத்துக் கம்பெனி டார்டெவில் என்ற ஸ்பூன் லூரைச் செய்துவருகிறது. பித்தளைத் தகட்டை வெட்டி, கரண்டிக் கிண்ணம்போலக் குழித்து, சிவப்பும் வெள்ளையும் பூசியது. முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து இருக்கும் பெயர் அது. பித்தளை பிளாஸ்டிக்கைவிடக் கிலோவுக்குப் பல மடங்கு விலை கூடியது. ஸ்பூனில் உலோகம்தான் முக்கால்வாசி. ஆனாலும் அது பத்து டாலருக்குள் கிடைக்கிறது. பக்கத்தில் ஜப்பானிய மெகாபாஸ் கம்பெனியின் விஷன் 110 என்ற பிளாஸ்டிக் மீன் 25 டாலர் அளவில் தொங்குகிறது. பொருள் விலைதான் விலையைத் தீர்மானிக்கிறது என்றால் இந்த இரண்டும் இடம் மாறித் தொங்கியிருக்க வேண்டும்.

இதற்கு எல்லோரும் சட்டென்று சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. முதலீட்டாளர் சார்லி மங்கர் 1994இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பேசியபோது சொன்ன கதையால் அது உலகப் பிரசித்தம் ஆனது. ஊதாவும் பச்சையுமாக மினுங்கும் லூர்களைப் பார்த்து, மீன் நிஜமாகவே இதையெல்லாம் கடிக்குமா என்று கேட்டவரிடம், நான் மீனுக்கு விற்கவில்லையே என்று விற்பவர் சொன்னாராம். லூர் மீனைப் பிடிப்பதற்கு முன் மனிதனைப் பிடிக்கிறது, அவ்வளவுதான் சங்கதி என்பது இதன் சாரம். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் விளக்கமாக இது பாதிதான் தேறும். மனிதனைப் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் 4 டாலர் லூரும் அதே மினுக்கோடுதானே இருக்கிறது? அது ஏன் 25 டாலருக்குப் போகவில்லை? மினுக்கைப் பார்த்து ஏமாறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். வேறு ஏதோ ஒன்றுக்குத்தான் கூடுதல் காசு கொடுக்கப்படுகிறது.

நான் வந்து சேர்ந்த இடம் இது: வாங்குகிறவருக்குச் சரக்கின் உள்ளே பார்க்க முடிகிற இடத்தில் விலை பொருளோடு ஒட்டி நடக்கும். முடியாத இடத்தில் அது பொருளை விட்டு விலகி, அவரால் சோதிக்க முடியாத எதையோ ஈடுகட்டுவதாக மாறும். கார்க் கொள்முதல்காரருக்குக் கைப்பிடியை உடைத்துப் பார்க்க ஆய்வுக்கூடம் இருக்கிறது. தூண்டில் கடையில் நிற்பவருக்கோ பிளாஸ்டிக் உறைக்குள் அசையாமல் கிடக்கும் ஒரு பொம்மைதான் இருக்கிறது. அவருக்கு வேண்டியது அந்தப் பொம்மை அல்ல, தண்ணீரில் இழுக்கும்போது அது ஆடும் ஆட்டம். அந்த ஆட்டத்தை உறைக்கு வெளியே இருந்து பார்க்க வழியில்லை. எனவே பெயரைப் பார்க்கிறார், விலையைப் பார்க்கிறார், இரண்டையும் வைத்து உள்ளே இருப்பதை ஊகிக்கிறார்.

ஆட்டம் என்ற ஒன்று வெறும் விளம்பரப் பேச்சா என்றால், இல்லை. அதற்கு ஃபின்லாந்தின் லவுரி ரப்பாலாவைவிட நல்ல உதாரணம் கிடையாது. பையான்னே ஏரியில் மீன்பிடித்துப் பிழைத்தவர் அவர். பொடிமீன் கூட்டத்தில் அடிபட்டுத் தள்ளாடி நீந்தும் ஒன்றைத்தான் பெரிய மீன் தேடிவந்து அடிக்கிறது என்று கவனித்தார். 1936இல் அந்தத் தள்ளாட்டத்தை வரவைக்க ஒரு லூர் செய்தார். தக்கையைச் செருப்புத் தைப்பவரின் கத்தியால் சீவி, சாக்லேட் சுற்றிவந்த ஜிகினாத் தாளைப் போர்த்தி, வார்னிஷ் வாங்கக் காசில்லாததால் பழைய ஃபோட்டோ நெகட்டிவ்களை உருக்கி மேலே பூசினார் என்று ரப்பாலா கம்பெனியின் வரலாறு சொல்கிறது. மூலப்பொருள் விலை என்று பார்த்தால் பூஜ்யம், குப்பையில் பொறுக்கியது. ஆனால் செதுக்கிய ஒவ்வொன்றையும் தண்ணீரில் இழுத்துப் பார்த்து, மூக்கிலுள்ள வளையத்தை மயிரிழை இப்படியும் அப்படியும் வளைத்து, ஆட்டம் சரியாக வரும்வரை விடவில்லை. பிற்பாடு பால்சா மரத்துக்கு மாறி, தொழிற்சாலை வந்து, கடைசல் இயந்திரம் வந்த பிறகும் ஒவ்வொரு லூரையும் தொட்டியில் இழுத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறோம் என்பதே அந்தக் கம்பெனி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் முதல் பெருமை. பால்சா விமான பொம்மை செய்யும் இலேசான மரம். அதில் காசு இல்லை. தொட்டியருகே நின்று வளையத்தைத் திருகுகிறவரின் நேரத்தில் இருக்கிறது காசு.

வளையத்தின் சங்கதியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பொய்மீனின் தாடைக்குக் கீழே ஒரு சின்னத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். இழுக்கும்போது தண்ணீர் அதில் மோதி, லூரைக் கீழே அழுத்தி, பக்கத்துக்குப் பக்கம் ஆட்டுகிறது. தூண்டில் நரம்பு கட்டும் வளையம் நடுக்கோட்டிலிருந்து துளி விலகினாலும் லூர் நேரே வராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வேகமாக இழுத்தால் புரண்டு மேலே வந்துவிடும். இரண்டு பாதியாக வார்த்து ஒட்டும் உடம்பில் ஒட்டு சரியில்லாமல் ஊசிமுனை ஓட்டை இருந்தால் தண்ணீர் உள்ளே ஏறி, மிதக்க வேண்டியது முங்கிப்போகும். மிதக்கவும் செய்யாமல் மூழ்கவும் செய்யாமல் நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டிய ரகமென்றால் முள்ளின் எடை மாறினாலே காரியம் கெட்டுவிடும். விஷன் 110 மாதிரியான லூர்களில் எறியும்போது குண்டு வாலுக்கு ஓடி, இழுக்கும்போது வயிற்றுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு உள்ளே ஒரு பாதை வார்க்க வேண்டும். இவை எதுவும் கிராம் கணக்கில் ஏறாது. அச்சின் துல்லியத்திலும் தூக்கிப்போட்ட கழிவிலும் சோதித்த நேரத்திலும்தான் ஏறும். மலிவான லூரைப் பத்து வாங்கினால் ஏழு நன்றாகவே ஆடும். எந்த ஏழு என்பது ஏரிக்குப் போன பிறகுதான் தெரியும். விலை கூடியதில் பத்தும் ஆட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு; கூடுதல் காசில் ஒரு நியாயமான பங்கு அந்த மூன்றுக்கான காப்பீடு.

அச்சு என்றதும் என் பழைய தொழில் எட்டிப் பார்க்கிறது. ஒரு பேச்சுக்கு ஓர் அச்சு 20,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்து லட்சம் பாகம் அடித்தால் ஒன்றின் தலையில் நாலு சென்ட் விழும். கார்க்காரர்கள் அப்படித்தான் அடிப்பார்கள். ஐயாயிரம் மட்டும் அடித்தால் ஒன்றின் தலையில் 4 டாலர். லூர் கம்பெனி ஒரே உருவத்தை மூன்று அளவில், ஒவ்வொன்றையும் இருபது முப்பது நிறத்தில் விற்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் தனி அச்சு, ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்டென்சில், தனி இருப்பு. விற்றுத் தீராத நிறம் கிடங்கில் முடங்கும். வெளிவராமலேயே போன உருவங்களின் செலவும் வெளிவந்ததன் தலையில்தான் ஏறும். இந்த நிறப் பட்டாளத்தில் மீனுக்கு எத்தனை வேண்டும் என்பது வேறு கேள்வி. தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். கொஞ்சம் ஆழம் போனால் சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும். பாஸ் மீனின் கண்ணைச் சோதித்த இல்லினாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அது சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிகிறது, மஞ்சள்பச்சைக்கும் வெள்ளைக்கும் இடையிலும், கருநீலத்துக்கும் கறுப்புக்கும் இடையிலும் தடுமாறுகிறது என்று கண்டார்கள். ஆனால் மஞ்சள்பச்சையும் வெள்ளையும் தனித்தனி ஆணியில்தான் தொங்குகின்றன, இரண்டுக்கும் இருப்பு வைத்த செலவு விலையில் இருக்கிறது. மங்கர் கதை இந்த இடத்தில் மட்டும் முழுக்கப் பொருந்தும்.

பொருளே இல்லாத இன்னொரு வரியும் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. 1950இல் அமெரிக்கா கொண்டுவந்த டிங்கெல்–ஜான்சன் சட்டப்படி, தூண்டில் சாமான்களின் முதல் விற்பனையில் தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ கலால் வரி கட்ட வேண்டும். லூருக்கு அது பத்து சதவீதம். மீன்குஞ்சு விடவும், படகுத்துறை கட்டவும், ஏரிகளைப் பராமரிக்கவும் அந்தப் பணம் மாநிலங்களுக்குப் போகிறது. பிளாஸ்டிக்கின் எடை மீதல்ல, விலை மீது விழும் வரி இது. ஆகவே விலை கூடிய லூர் அதே இரண்டு சென்ட் பிளாஸ்டிக்குக்கு ஏரிக்குக் கூடுதல் பங்கு கட்டுகிறது. இந்த ஒரு வரியைப் பற்றி மீன்பிடிப்பவர்கள் முணுமுணுத்து நான் அதிகம் கேட்டதில்லை. அமெரிக்காவில் அது அபூர்வம்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒருவர் மறித்துக் கேட்கலாம்: அப்படியானால் விலை என்பது உழைப்பும் அச்சும் வரியும் சேர்ந்தது, பொருள் விலையை விட்டு உற்பத்திச் செலவு என்று சொல்லிவிட்டால் எல்லாம் நேராகிவிடுமே? 10 டாலர், 15 டாலர்வரை இந்தப் பதிலை ஒப்புக்கொள்வேன். அதற்குமேல் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் ஓக்லஹோமாவின் நார்மன் ஊரில் இருந்த ஸ்டார்ம் என்ற கம்பெனியின் விகிள் வார்ட். குண்டு வயிறும் அகன்ற தாடையுமாக இருக்கும் சாதாரண பிளாஸ்டிக் லூர், சில டாலர்தான். 1990களின் கடைசியில் ஸ்டார்ம் கம்பெனியை ரப்பாலா வாங்கியது, உற்பத்தி ஆசியாவுக்குப் போனது. பெயர் அதுவே, உருவம் ஏறத்தாழ அதுவே, பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கே. ஆனால் ஓஸார்க் மலைப்பகுதி ஏரிக்காரர்கள் பழையது வேறுமாதிரி ஓடியது என்றார்கள்: நேர்கோட்டில் வராமல் திடீரென்று பக்கவாட்டில் விலகி, தானாகத் திரும்பி வருமாம், உள்ளே உருளும் குண்டின் சத்தமும் வேறாம். அன்றிலிருந்து 'ரப்பாலாவுக்கு முந்தியது' என்ற அடைமொழியோடு பழைய விகிள் வார்ட் பல மடங்கு விலைக்குக் கைமாறுகிறது. பல் பதிந்து, பெயின்ட் உதிர்ந்ததற்கும் ஆள் இருக்கிறது. அதைச் செய்ய அன்று ஆன செலவு என்றைக்கோ முடிந்துபோன கணக்கு. இன்று ஏறும் காசில் ஒரு சென்ட்டும் செய்தவருக்குப் போகவில்லை. உற்பத்திச் செலவு என்ற வாதம் இங்கே நொண்டுகிறது. விலை முழுக்க முழுக்க, உறைக்கு வெளியே இருந்து பார்க்க முடியாத ஓர் ஆட்டத்தின் மேலுள்ள நம்பிக்கைக்கு.

அலபாமா ரிக் இதை ஒரே வருடத்துக்குள் காட்டிவிட்டது. குடைக்கம்பிபோல விரிந்த ஐந்து கம்பிகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு மென்பிளாஸ்டிக் மீன். தண்ணீரில் ஒரு குட்டி மீன்கூட்டமே வருவது மாதிரி இருக்கும். கம்பியும் சுழலியும் தவிர அதில் ஒன்றுமில்லை. 2011 அக்டோபரில் அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரியில் பால் எலியாஸ் இதை வைத்துப் பெரிய போட்டி ஒன்றை வென்றார். மறுநாளிலிருந்து கடைகளில் சரக்கு இல்லை. கைவசம் வைத்திருந்தவர்கள் சொன்னதே விலை. சில மாதங்களில் ஆளாளுக்குக் கம்பி வளைத்து நகல் செய்தார்கள், பாஸ் மீன் போட்டிகளை நடத்தும் பெரிய அமைப்பு தன் உயர்மட்டப் போட்டிகளில் இதைத் தடைசெய்தது, விலை தரைக்கு வந்தது. ஏறியபோதும் இறங்கியபோதும் எஃகுக் கம்பியின் விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ரப்பாலாவுக்கும் 1962 ஆகஸ்டில் இதுதான் நடந்தது. லைஃப் பத்திரிகையில் அந்த லூரைப் பற்றிக் கட்டுரை வந்த இதழின் அட்டையில் அப்போது இறந்துபோயிருந்த மர்லின் மன்றோ; இதழ் விற்ற வேகத்தில் மின்னசோட்டாவில் இருந்த இறக்குமதியாளர்கள் ஆர்டர்களைச் சமாளிக்க முடியாமல் திணறினார்கள். பால்சா மரம் அந்த வாரம் விலை ஏறவில்லை.

சேகரிப்பாளர்களின் சந்தையை இந்த வாதத்தில் சேர்க்க எனக்கு விருப்பமில்லை, அது வேறு உலகம். இருந்தாலும் எல்லைக்கல் மாதிரி ஒன்றைச் சொல்லலாம். ஒஹாயோவின் துப்பாக்கி செய்யும் கொல்லர் ரைலி ஹஸ்கெல் 1859இல் காப்புரிமை பெற்ற செம்பு மீன் லூரில், பெரிய அளவிலான ஒன்று 2003இல் ஏலத்தில் 1,01,200 டாலருக்குப் போனது. அதைத் தண்ணீரில் போடப்போகிறவர் யாருமில்லை. செம்பாகப் பார்த்தால் பழைய பாத்திரக்காரர் தராசில் போட்டுச் சில்லறை கொடுப்பார்.

இன்னொரு மறுப்பு இன்னும் வலுவானது. சரி, உறைக்குள் இருக்கும்போது சோதிக்க முடியாது. ஏரிக்குப் போனதும் மீன் சொல்லிவிடுமே? பிடிக்காத லூரை மறுபடி யார் வாங்குவார்கள்? நாளடைவில் மீனே விலையை ஒழுங்குக்குக் கொண்டுவராதா? இது நடக்காததற்குக் காரணம் மீன் மிக மோசமான சாட்சி என்பதுதான். ஒரு நாளில் கடிக்கும் மீன் சில. காற்று, வெளிச்சம், தண்ணீரின் சூடு, போட்ட இடம், இழுத்த வேகம் என்று கடிப்பதற்குக் காரணங்கள் பல. எந்த லூரை நம்புகிறோமோ அதையே அதிக நேரம் போடுகிறோம், அதிக நேரம் போட்டதே அதிகம் பிடிக்கிறது, பிடித்ததால் நம்பிக்கை கூடுகிறது. இந்தச் செக்குமாட்டு வட்டத்துக்குள் 25 டாலர் கொடுத்து வாங்கியதற்கு இயல்பாகவே ஒரு சலுகை கிடைத்துவிடுகிறது, இவ்வளவு கொடுத்ததைப் பெட்டியில் வைத்திருக்க மனம் வராது. உலகச் சாதனைகளை எடுத்துப் பார்த்தாலும் மீன் விலையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்ற ஏழை விவசாயி 22 பவுண்ட் 4 அவுன்ஸ் பாஸ் மீனைப் பிடித்தபோது அவரிடமும் கூட்டாளியிடமும் இருந்தது ஒரே ஒரு லூர். (அந்த மீனை வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள், மந்தநிலைக் காலம்.) 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அந்தச் சாதனையைச் சமன் செய்தார். பொய்யிரை ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான யென்னுக்கு விற்கும் நாட்டில் அவர் முள்ளில் கோத்திருந்தது உயிருள்ள புளூகில் மீன்.

பொருள் விலைக்குத் தக்கபடி விலை இருக்கும் இடமே இந்தக் கடையில் கிடையாதா என்றால், டங்ஸ்டனைக் காட்டுவார்கள். தூண்டிலில் எடைக்காகக் கட்டும் ஈயக் குண்டுக்குப் பதிலாக டங்ஸ்டன் குண்டு வந்த பிறகு விலை பல மடங்கு ஆனது உண்மை. ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனுடையது 19.3, அதே எடை பாதிக்குக் கொஞ்சம் கூடுதலான அளவில் அடங்கிவிடும், பாறையில் தட்டும்போது கையில் தெளிவாகத் தெரியும். உலகத்து டங்ஸ்டனில் பெரும்பங்கு சீனாவில் தோண்டப்படுகிறது. அங்கே ஏறினால் இங்கே ஏறும். ஆனால் இங்கேயும் தோண்டி எடுத்த உலோகம் பாதிக் கதைதான். ஈயம் 327 டிகிரியில் உருகும், சமையலறை அடுப்பில் உருக்கி அச்சில் ஊற்றலாம். டங்ஸ்டன் உருக 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும்; ஊற்ற முடியாது, பொடியாக்கி, அழுத்தி, உலையில் சுட்டுக் கட்டியாக்க வேண்டும். மென்பிளாஸ்டிக் புழுக்களில் இது தலைகீழாக நடக்கிறது. கேரி யமமோட்டோவின் சென்கோ, பார்க்க பால்பாயின்ட் பேனா மாதிரி மொழுமொழுவென்று இருக்கும் ஒரு குச்சி. பிளாஸ்டிக்கில் உப்பை அள்ளிப் போட்டுச் செய்தது. உப்பைவிட மலிவான சரக்கு எது? அந்த உப்பின் எடையால்தான் அது இறங்கும்போது இரு முனையும் நடுங்குகிறது. அந்த உப்பால்தான் இரண்டு மூன்று மீனுக்குள் பிய்ந்தும் போகிறது. மலிவான சரக்கைச் சேர்த்து, சீக்கிரம் தீர்ந்துபோகும்படி செய்த ஒன்று, பிய்யாமல் நெடுநாள் உழைக்கும் நகல்களைவிட விலை கூடி விற்கிறது. வாங்குகிறவர்களுக்கு அது பிய்வது தெரியும். தெரிந்தே வாங்குகிறார்கள், அந்த நடுக்கத்துக்காக. இங்கே அவர்கள் ஏமாறவில்லை என்பதே என் கட்சி.

முள்ளின் சமாச்சாரம் மட்டும் அந்தச் சுவரில் வேறு. மலிவான லூரை வாங்கிய கையோடு அதன் முள்ளைக் கழற்றி எறிந்துவிட்டு, நார்வேயின் மஸ்டாடோ ஜப்பானின் கமகட்ஸுவோ மாட்டுகிறவர்கள் நிறைய. 4 டாலர் லூரில் 3 டாலருக்கு முள் ஏறும். சரக்கு வரிசையில் முள்தான் காசுள்ள சரக்கு என்று முன்னால் சொன்னதை அவர்கள் காஸ்ட் ஷீட் இல்லாமலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். முள்ளைக் கடையிலேயே சோதிக்கலாம். கட்டைவிரல் நகத்தின் மேல் முனையை லேசாக வைத்துச் சாய்த்து இழுத்தால், கூரானது நகத்தில் கொத்தி நிற்கும், மொண்ணையானது வழுக்கிப் போகும். கம்பியின் தடிமன் கண்ணுக்குத் தெரியும், வளைவு வளைகிறதா என்று விரலால் அழுத்திப் பார்க்கலாம். முள் தொங்கும் அந்த மூலையில் நல்ல கம்பெனிகளின் பாக்கெட்டுகள் ஒன்றுக்கொன்று ஒரு டாலர், இரண்டு டாலர் வித்தியாசத்தில்தான் இருக்கின்றன. பழைய விகிள் வார்ட் மாதிரி ஒரு பழைய முள்ளுக்காக ஏலத்தில் அடித்துக்கொள்ளும் மீன்பிடிக்காரரை நான் பார்த்ததில்லை.